ஆசிரியர் அறையில் ஒட்டுறவு வேண்டுமா? பதிலி வகுப்பு நோட்டைப் பாருங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அறக்கட்டளைக்கு நான்கு உதவிபெறும் பள்ளிகள். 41 ஆசிரியர்களில் 13 பேருக்கு நிர்வாகமே சம்பளம் தருகிறது. ஆசிரியர் தின விருந்து, சுற்றுலா எல்லாம் வைத்தும் ஒருவரோடு ஒருவர் ஒட்டவில்லை. புதிதாக வருகிறவர்கள் ஒரு வருடத்தில் போய்விடுகிறார்கள். – தாளாளர் ஒருவர்

பதில்: விருந்து இருக்கட்டும். விடுப்பில் இருப்பவரின் வகுப்பை யார் பார்க்க வேண்டும் என்று காலையில் தலைமையாசிரியர் எழுதும் பதிலி வகுப்புச் சீட்டை எடுங்கள். கசப்பு அங்கேதான் ஊறுகிறது. மூன்று மாதச் சீட்டுகளில் யார் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். எதிர்த்துப் பேசாதவர், புதியவர், நிர்வாகச் சம்பளக்காரர் என்று பெரும்பாலும் அதே பெயர்கள்தான் வரும். கேட்டால், 'அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக' என்பார்கள்.

ஒரு நீள நோட்டுப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்; தேதி, பாடவேளை, யாருடைய வகுப்பு. எண்ணிக்கை குறைவாக உள்ளவருக்கே அடுத்த முறை. தலைமையாசிரியருக்கும் ஒரு பக்கம் உண்டு. நோட்டு ஆசிரியர் அறை மேசையில் கிடக்கட்டும். டிராயருக்குள் போனால் ஒரே மாதத்தில் பழைய கதைதான். பத்தாம் வகுப்பு எடுப்பவருக்கு விலக்குத் தருவதானால் ஜூன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி முதல் பக்கத்தில் எழுதுங்கள். காதோடு காதாகத் தரும் விலக்கு ஆசிரியர் அறையை இரண்டாக்கிவிடும்.

அதே கூட்டத்தில் ஒரு காலண்டரைச் சுற்றுக்கு விடுங்கள். ஊர்க் கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, தர்கா கந்தூரி, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் என்று அவரவர் நாளைக் குறிக்கட்டும். ஒரே நாளில் மூன்று பேர் மோதுவது அப்போதே தெரிந்துவிடும். அரசு ஊதியக்காரருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கும்போது, அதே வேலை பார்க்கும் நிர்வாக ஆசிரியருக்குக் குறைக்காதீர்கள். சம்பளத்தை உடனே உயர்த்த முடியாமல் இருக்கலாம். தேதி தவறாமல் கொடுக்க முடியும்.

புதியவர் ஏன் போகிறார்? அவருடைய கால அட்டவணையைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடவேளைகளும் யாரும் கேட்காத வகுப்பும் அவர் தலையில் விழுந்திருக்கும். முதல் பருவத்தில் வகுப்பாசிரியர் பொறுப்பு வேண்டாம். துணைக்கு ஒரு மூத்த ஆசிரியரை வையுங்கள், தலைமையாசிரியரை அல்ல. தலைமையாசிரியரிடம் சந்தேகம் கேட்கப் புதியவர் கூசுவார்.

சின்னப் பள்ளியில் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். பாடம் பற்றிப் பேச அவருக்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. நான்கு பள்ளிகள் இருப்பதுதான் உங்கள் பலம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரே பாட ஆசிரியர்களை உட்கார வையுங்கள். ஆளுக்கு ஐந்து திருத்திய விடைத்தாள், பெயரை மறைத்து. பின்னக் கூட்டலில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் பேச்சு தானாக வரும். இதைப் பள்ளி நேரத்தில் வையுங்கள். கடைசி மணிக்குப் பிறகென்றால், பாளையங்கோட்டைக்குப் போகிறவரின் மனம் பாபநாசத்திலிருந்து வரும் பஸ்ஸில்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் சாதி வாரியாகச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். தலையிடலாமா? – தலைமையாசிரியை, நாங்குநேரி வட்டாரம்

பதில்: கட்டாயம் தலையிடுங்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. வராந்தாவில் எந்த சார் யாரோடு டிபன் பாக்ஸைத் திறக்கிறார் என்பதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். கயிறு பற்றி நீங்கள் பேசும்போது அதுதான் அவர்கள் நினைவுக்கு வரும். சாப்பாட்டு இடத்தைத் திடீரென மாற்றினால் முறைத்துக்கொள்வார்கள். முதலில் வேலையில் ஆட்களைக் கலந்து போடுங்கள்: காலை உணவு மேற்பார்வை, தேர்வறை, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் இருவர் இருவராக, சீட்டுக் குலுக்கி, மாதத்துக்கொருமுறை மாற்றி. பிறகு நீளமான ஒரே மேசை. நீங்களும் அதில் உட்காருங்கள், தினம் வேறு நாற்காலியில். 'நம்மாளு' என்ற சொல் காதில் விழுந்தால் அன்றே, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கும் உத்தரவு வருகிறது. – ஆசிரியை, களக்காடு

பதில்: மாலை 7 மணிக்கு மேல் குழுவில் எதுவும் போடுவதில்லை என்று தலைமையாசிரியரிடம் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவு போல அன்றே முடிக்க வேண்டியது இருந்தால், பொறுப்பானவருக்கு மட்டும் போன் போட்டால் போதும்.