ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: ஃபாஸ்ட் காசில் சவாலில் வெள்ளியிலேயே நிற்கிறேன், தங்கம் வாங்க என்ன உத்தி?

இந்தக் கணினி ஆட்டத்தில் வெள்ளி வரை வந்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு பில்டு ஆர்டர் தெரியும், அதாவது எந்த வில்லேஜரை (வேலையாளை) எப்போது எந்த வேலைக்கு அனுப்புவது என்ற வரிசை. ஆறு பேர் ஆட்டுக்கு, நாலு பேர் மரத்துக்கு, அடுத்தவர் பன்றிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். திரைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, அதில் வில்லேஜர் எண்ணிக்கை வாரியாக எழுதி வைத்திருந்தேன். ஐந்து வாரம் வெள்ளி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இணையத்தில் வேறொரு பில்டு ஆர்டர் தேடி, தாளை மாற்றி ஒட்டுவேன். தாள் மாறியது, பதக்கம் மாறவில்லை.

ஆட்டத்தின் புதிய பதிப்பான டெஃபினிடிவ் எடிஷனில் ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதியில் இருக்கும் சவாலைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடிகாரம் ஓட ஓட முதல் யுகத்திலிருந்து ஃபியூடல் யுகத்துக்கும், அங்கிருந்து காசில் ஏஜுக்கும் போக வேண்டும், நேரத்தைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம். எல்லை நேரம் சவாலின் திரையிலேயே இருப்பதால் அதை இங்கே திரும்ப எழுதவில்லை. ஆன்லைனில் எதிரி ஆறாவது நிமிடமே வந்து அடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஐயா, இது கடிகாரத்தோடு ஆடும் ஆட்டம். அந்தக் கேள்விக்கு வேறு பதில், வேறு நாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது இந்த ஆட்டம் தெரியாது. நான் சவாலை மூடிவிட்டு, சாதாரண ஆட்டம் ஒன்றில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வேவு பார்க்கும் ஸ்கவுட் குதிரையை வரைபடம் முழுக்க ஓட்டுவதில் எனக்கு ஒரு தனி சுகம், அதில் மூழ்கியிருந்தேன். திடீரென்று அவன், "மாமா, அந்தப் பெரிய வீடு ஏன் சும்மா இருக்கு?" என்றான். வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டரைத்தான் சொல்கிறான். பார்த்தால் வீடு கட்டாமல் விட்டதில் மக்கள்தொகை முட்டி நிற்கிறது, வில்லேஜர் வெளியே வரவில்லை. எவ்வளவு நேரமாக என்றே தெரியாது.

அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். டவுன் சென்டர் எதையும் உருவாக்காமல் நிற்கும்போதெல்லாம் ஆட்டக் கடிகாரத்தில் நேரத்தைக் குறி, மறுபடி ஓடத் தொடங்கியதும் குறி. அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து கூட்டினோம். வீடு இல்லாமல் நின்றது 31 வினாடி. பன்றியை இழுத்துவரப் போனபோது கியூ (அடுத்து உருவாக வேண்டியவர்களின் வரிசை) காலியாகி நின்றது 22 வினாடி. ஃபியூடலில் காசில் ஏறக் காத்திருந்தது 41 வினாடி. மொத்தம் 94. நான் காசில் ஏறிய நேரம் 17:14.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. வழக்கமான தொடக்கத்தில் 3 வில்லேஜர், 1 ஸ்கவுட், ஆக 4 பேர். பலரும் சொல்லும் 27+2 முறையில் ஃபியூடலுக்கு முன் 27 பேர் வேண்டும், அதாவது 23 வில்லேஜர் உருவாக்க வேண்டும். ஒருவருக்கு 25 வினாடி, ஆக 575. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் என்ற ஆராய்ச்சிக்கு 25. இரண்டும் சேர்ந்து 600 வினாடி, சரியாக 10:00. ஃபியூடல் ஏற 130 வினாடி, 12:10. அங்கே இரண்டு வில்லேஜர், 13:00. காசில் ஏற 160 வினாடி. 15:40. இதில் என் 94 வினாடியைக் கூட்டிப் பாருங்கள். 17:14! நொடி பிசகாமல் வந்து உட்கார்ந்தது. ஐந்து வாரம் நான் மாற்றி மாற்றி ஒட்டிய தாள்களுக்கும் இந்த நேரத்துக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. பையன் குறித்த கோடுகள்தான் என் நேரம்.

அதனால் உத்தி என்று கேட்டால் என் பதில், டவுன் சென்டரைத் தூங்க விடாதீர்கள் என்பதுதான். இதைச் சொன்னால், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சிலர் வருவார்கள். தெரியும் என்பது வேறு, எத்தனை வினாடி தூங்கியது என்று எண்ணியது வேறு. எண்ணியிருக்கிறீர்களா?

எங்கெங்கே தூங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் இருக்கும் 200 உணவு சரியாக நாலு வில்லேஜருக்கு, அதாவது முதல் 100 வினாடிக்கு வரும். அதற்குள் ஆட்டிறைச்சி உள்ளே வந்தாக வேண்டும். ஆடுகளை ஒன்றொன்றாக, டவுன் சென்டருக்கு ஒட்டியே வெட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை வெட்டினால் இறைச்சி அழுகி வீணாகும். டவுன் சென்டர் தாங்குவது 5 பேரை, முதலிலேயே 4 பேர் இருக்கிறார்கள். ஆகவே ஆட்டம் தொடங்கியதுமே இரண்டு வீடு. அப்புறம் இடமிருக்கிறதே என்று அசட்டையாக இருக்காமல், இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கும்போதே அடுத்த வீட்டைத் தொடங்குங்கள். வீடு கட்டி முடிக்க 25 வினாடி, ஒரு வில்லேஜர் வருவதும் 25 வினாடி. இதை நினைவில் வைத்தால் போதும்.

பன்றிதான் என் பரம விரோதி. ஒரு பன்றியில் 340 உணவு, ஆட்டைவிட வேகமாகவும் சேரும், ஆகவே விட முடியாது. ஆனால் இழுத்துவரும் வில்லேஜரின் உயிர் 25, பன்றி ஒரு முட்டுக்கு 7 எடுக்கும், நாலாவது முட்டில் ஆள் காலி. அந்தப் பதற்றத்தில் கண் முழுக்க பன்றி மேலேயே இருக்கும், கியூ காலியாகும். நான் கண்ட வழி, பன்றிக்குப் புறப்படும் முன் இரண்டு வில்லேஜரை வரிசையில் போட்டுவிட்டுப் போவது. மற்ற நேரங்களில் ஒன்றொன்றாகப் போடுவதுதான் சரி, உணவு வரிசையில் போய் முடங்காது. பன்றி நேரத்தில் மட்டும் விதிவிலக்கு. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் நிபுணர்கள் சுளிக்கட்டும், எனக்கு அந்த 22 வினாடி மிச்சம்.

ஸ்கவுட்டைத் தானாக ஓடவிடும் பொத்தான் டெஃபினிடிவ் எடிஷனில் இருக்கிறது. அதை அழுத்துவது எனக்குத் தோல்வியை ஒப்புக்கொள்வது போல இருந்தது. அழுத்தினேன்.

ஃபியூடலில் விட்ட 41 வினாடிக்கு இரண்டு காரணம். காசில் ஏற ஃபியூடல் கட்டடம் இரண்டு வேண்டும். பெரும்பாலானோர் மார்க்கெட், பிளாக்ஸ்மித் இரண்டையும் கட்டுவார்கள். 175 மரம், 150 மரம், ஆக 325 மரம் ஃபியூடல் திறக்கும் நொடியில் கையில் இருக்க வேண்டும். மார்க்கெட்டை ஒருவர் கட்டினால் 60 வினாடி. ஆனால் அந்த நேரத்தில் நாம் உருவாக்கும் இரண்டு வில்லேஜருக்கு ஆவது 50 வினாடிதான்! அங்கேயே பத்து போச்சு. இருவர் கட்டினால் 45 வினாடியில் முடியும். பிளாக்ஸ்மித்துக்கு 40 வினாடி, ஒருவர் போதும். இந்த மூவரும் ஃபியூடல் வருவதற்கு முன்பே கட்டும் இடத்தில் போய் நிற்க வேண்டும், மரத்தடியிலிருந்து நடந்து வரக் கூடாது.

இன்னொரு காரணம் உணவு. 23 வில்லேஜருக்கு 1150, ஃபியூடலுக்கு 500, அடுத்த இருவருக்கு 100, காசிலுக்கு 800. மொத்தம் 2550. தொடக்க 200 போக 2350 சேர்க்க வேண்டும். மானை விட்டுவிட்டால், வழக்கமான வரைபடத்தில் எட்டு ஆடு 800, இரண்டு பன்றி 680, ஆறு பெர்ரிச் செடி 750, ஆக 2230. இறைச்சி கொஞ்சமும் அழுகாவிட்டாலும் 120 குறையும். நிஜத்தில் பெர்ரி எல்லாம் அதற்குள் தீரவும் தீராது. அதனால் ஃபியூடல் ஏறும் அந்த 130 வினாடியில் வயல் போட்டே ஆக வேண்டும். டவுன் சென்டருக்கு ஓய்வு, நமக்கு இல்லை. நான் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்கப் போவேன்.

லூம் பற்றிச் சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரி தொல்லை இல்லாத ஓட்டத்தில் லூமை விட்டால் 25 வினாடியும் 50 தங்கமும் மிச்சம். சாதாரணத் தொடக்கம் என்றால் 100 தங்கம் அப்படியே இருக்கும், மார்க்கெட் முடிந்ததும் 200 கல்லை விற்றால் காசிலுக்கு வேண்டிய 200 தங்கம் தாண்டிவிடும். தங்கச் சுரங்கம் பக்கமே போக வேண்டாம். ஆனால் பன்றியிடம் ஒருவரைப் பலி கொடுத்தால் அதே 25 வினாடியும் 50 உணவும் போய்விடும். கை நடுங்குபவர்கள் லூம் எடுங்கள், வெட்கமில்லை.

பயிற்சிக்கு டிராவிடியன்ஸ் என்ற நாகரிகத்தை எடுங்கள். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசமாக வரும், மார்க்கெட் செலவு தீர்ந்தது. வில்லேஜர்கள் தமிழில் பதில் சொல்வது வேறு காதுக்கு இதம். காசில் ஏறிய பிறகு லாயத்தில் நைட் என்ற குதிரைவீரன் இல்லை என்பது தனிச் சோகம், அதைக் கிளற வேண்டாம்.

கிளற வேண்டியது வேறொன்று இருக்கிறது. டவுன் சென்டரைத் தேர்ந்தெடுக்க ஹெச் விசை. நாளுக்குப் பல நூறு முறை தட்டியதில் என் கீபோர்டின் ஹெச் எழுத்து அழிந்து, பிறகு விசையே அமுங்கிப் போனது. வாங்கி எட்டு மாதம். வாரண்டிக்குக் கொண்டுபோனால் அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேம் ஆடியிருக்கீங்க, இது தவறான பயன்பாடு" என்றார். பெட்டியின் மேலேயே கேமிங் கீபோர்டு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்றது! பெட்டியைக் காட்டினேன். அதை மேலிடத்தில் கேளுங்கள் என்றார். மூன்று மின்னஞ்சல் போட்டாயிற்று, இன்றுவரை பதில் இல்லை. தங்கப் பதக்கம் வாங்கியது இரவல் கீபோர்டில்.

ஆம், வாங்கினேன். பையன் குறிக்கத் தொடங்கிய ஒன்பதாவது நாள். அன்று தூங்கியது 14 வினாடி, இதுவரை அதுதான் என் சிறந்த கணக்கு.

இப்போது அவனும் ஆடக் கற்றுக்கொண்டான். அவன் ஆடும்போது பென்சில் என் கையில். போன ஞாயிற்றுக்கிழமை கோடுகளைக் கூட்டிப் பார்த்தேன், 11 வினாடி. எவ்வளவு மாமா என்று கேட்டான். 15 என்று சொல்லிவிட்டேன்.