மலைய எடுக்கணும்னா சூரியன விட்டுத் திரும்புங்க

கேள்வி: சாயங்காலம் மலைய போட்டோ எடுத்தா வானம் வெள்ளையா வெளுத்துப்போகுது, வானம் நல்லா வந்தா மலை கரிக்கட்டை மாதிரி ஆயிடுது. கண்ணுக்குத் தெரியுற தங்க நிறமும் வரமாட்டேங்குது. வேற கேமரா வாங்கணுமா?

பதில்: கேமரா இருக்கட்டும், நீங்க பாக்குற திசைய மாத்துங்க. எல்லாரும் சூரியன் மறையுற பக்கமே கேமராவ நீட்டுறோம், அப்போ மலையோட நம்ம பக்கம் முழுக்க நிழல், வானமோ பல மடங்கு வெளிச்சம், ரெண்டையும் ஒரே படத்துல பிடிக்க சென்சார் திணறுது. சூரியன் உங்க இடது தோளுக்கோ வலது தோளுக்கோ நேரா வர்ற மாதிரி நின்னு பாருங்க, சாய்வா விழுற வெளிச்சத்துல ஒவ்வொரு மடிப்பும் பாறையும் நீள நிழலோட எழும்பி நிக்கும், மத்தியானம் தட்டையா தெரிஞ்ச அதே மலைதான். என்னக் கேட்டா மலைப்படத்துக்கு உயிரே அந்த நிழல்தான்.

தங்க நிறத்த கெடுக்குறது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தோட நிறத்த கேமராவே சரி பண்ற செட்டிங். சாயங்கால வெளிச்சம் காத்துமண்டலத்துல ரொம்ப தூரம் கடந்து வர்றதால நீலம் வழியிலயே சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும்தான் அதிகமா வந்து சேருது, கேமரா அத குறைன்னு எடுத்துக்கிட்டு சரி பண்ணிடுது. அந்த செட்டிங்க டேலைட்டுக்கு மாத்திடுங்க, 5500 கெல்வின் (வெளிச்ச நிறத்தோட அளவு) பக்கம் இருக்கும்.

சூரியனையும் சேத்துத்தான் எடுக்கணும்னா ட்ரைபாட்ல வச்சு ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாவோ ரெண்டு மடங்காவோ மாறுறது) கம்மியா ஒண்ணு, சரியான எக்ஸ்போஷர்ல (படத்துக்கு விழுற வெளிச்ச அளவு) ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் கூட ஒண்ணு எடுத்து அப்புறம் மூணையும் ஒரே படமா சேத்துக்கோங்க. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸோட திறப்பு) எஃப் 8 இல்லன்னா 11 போதும்.

கேள்வி: எத்தன மணிக்குப் போய் நிக்கணும்?

பதில்: அஸ்தமன நேரம்னு போட்டிருக்கறது தடையில்லாத அடிவானத்துக்கான கணக்கு, மேற்கால மலை இருந்தா வெயில் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடும். கைய நீட்டி முஷ்டிய மடக்கினா அதோட அகலம் சுமாரா 10 டிகிரி, சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, அதனால மலைமுகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒரு முஷ்டி இடம் இருந்தா எப்படியும் 40 நிமிஷம் கையில இருக்கு (சூரியன நேரா உத்துப் பாக்காதீங்க).

மறைஞ்சதும் பைய மூடிடாதீங்க ப்ளீஸ், கிழக்கப் பாருங்க. வானம் தெளிவா இருந்தா அடியில நீலச் சாம்பலா பூமியோட நிழல், மேல ரோஸ் கலர்ல ஒரு பட்டை தெரியும், வானத்துக்கும் மலைக்கும் வெளிச்ச வித்தியாசமும் கொறஞ்சிருக்கும், ஒரே க்ளிக்ல ரெண்டும் அடங்கிடும். ஷட்டர் நேரம் நீளும், அதனால பட்டன அமுக்குற ஆட்டம் படத்துல விழாம 2 செகண்ட் டைமர் போடுங்க, ட்ரைபாட்ல இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன (கை ஆட்டத்த சரிக்கட்டுற வசதி) ஆஃப் பண்ணுங்க, எறங்கி வர ஒரு டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க.