டிசம்பர் 24 சாயங்காலமும் ஒரு மைக்ரோவேவும்: கேள்வி பதில்

கிறிஸ்துமஸ் பலகாரம், சின்னப் பரிசு, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வேலைக்கும் போய், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கும் போய்விட்டு வந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க நேரம் எங்கே? சரி, அந்தக் கவலையிலிருந்தே தொடங்குகிறேன். கீழே வரும் நேரக் கணக்கெல்லாம் 800 வாட் மைக்ரோவேவுக்கு. உங்களுடையது 900 அல்லது 1000 வாட் என்றால் சற்று முன்பே நிறுத்திப் பாருங்கள்.

அக்கா, எனக்கு ஊர் நாகர்கோவில். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் இல்லாமல் மாமியாருக்கு கிறிஸ்துமஸே கிடையாது. மைக்ரோவேவில் செய்ய வழி உண்டா?

இல்லை மா. இரண்டும் எண்ணெயில் பொரிந்தால்தான் அந்தப் பலகாரம். மைக்ரோவேவ் பொருளுக்குள் இருக்கும் ஈரத்தைச் சூடாக்குகிறது. அதனால் ஈர மாவு வேகுமே தவிர சிவக்காது, மொறுமொறுப்பும் வராது. அதற்குள் எண்ணெயைக் காயவைத்துப் பொரிக்க ஒருபோதும் முயலாதீர்கள். எண்ணெயின் சூடு கட்டுக்குள் நிற்காது, தீப்பிடிக்கும்.

ஆனால் அந்த இரண்டுக்கும் பக்கத்தில் தட்டில் உட்காரும் ரவை லாடு இருக்கிறதே, அதற்கு மைக்ரோவேவ் அருமையான துணை. ஒரு கப் பொடி ரவையில் ஒரு டேபிள்ஸ்பூன் நெய் விட்டுப் பிசறி, அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்புங்கள். ஒரு நிமிடம் வையுங்கள், எடுத்துக் கிளறுங்கள், மறுபடி ஒரு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் வாசனை வரும், நான்காவதில் ரவை கைக்கு மணல் மாதிரி லேசாக உதிரும். அங்கே நிறுத்திவிடுங்கள். முந்திரியைத் தனியாக ஒரு ஸ்பூன் நெய்யில் ஒரு நிமிடம் வைத்து, இளம் மஞ்சளாக இருக்கும்போதே வெளியே எடுங்கள். எடுத்த பிறகும் அந்தச் சூட்டிலேயே அது சிவந்துகொண்டு போகும். உள்ளேயே பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் கருகிய முந்திரிதான் மிஞ்சும். திராட்சையைக் கடைசி 15 விநாடிக்குப் போட்டால் போதும். முக்கால் கப் பொடித்த சர்க்கரை, ஏலக்காய், பிறகு நாலு ஸ்பூன் சூடான நெய் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் பிடியுங்கள்.

நெய்க்குப் பதில் பால் தெளித்துப் பிடிக்கலாம், ஆனால் அந்த லாடு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நெய்யிலேயே பிடியுங்கள்.

தூத்துக்குடி மக்ரூன்?

மைக்ரோவேவில் வராது. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, மெல்லிய சூட்டில் மெதுவாக உலரவிடும் பலகாரம் அது. தூத்துக்குடி பேக்கரிக்காரர்கள் கையில் பழகிய தொழில். வாங்கிக் கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. காற்றுப் படாத டப்பாவில் வையுங்கள், மழை ஈரம் பட்டால் பிசுபிசுத்துவிடும்.

தாம்பரத்தில் விடுதியில் இருக்கிறேன் அக்கா. செமஸ்டர் தேர்வால் 25-ஆம் தேதி ஊருக்குப் போக முடியாது. மெஸ்ஸில் மைக்ரோவேவ் மட்டும்தான் இருக்கிறது.

உனக்கு ஒரு கப் கேக் போதும் தம்பி. பெரிய காபி மக்கில் 4 டேபிள்ஸ்பூன் மைதா, 2 டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை பட்டைத்தூள் போட்டுக் கலக்கு. அப்புறம் 3 டேபிள்ஸ்பூன் பால், 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு கைப்பிடி திராட்சையும் டூட்டி ஃப்ரூட்டியும். மாவு மக்கில் பாதிக்கு மேல் போகக் கூடாது, பொங்கி வழியும். 70 விநாடி வைத்துப் பார், நடுவில் ஈரம் தெரிந்தால் இன்னும் 15 விநாடி. மக்கில் தங்கக் கோடு இருந்தால் வேறு மக் எடு, அது உலோகம், பொறி பறக்கும். சூடாகவே சாப்பிடு, ஆறினால் இறுகிவிடும். ஊருக்குப் போகாத இன்னொரு பையன் இருந்தால் இரண்டு மக்காகப் போடு.

பிளம் கேக்குக்குப் பழம் ஊறவைக்க மறந்துவிட்டேன். இன்று தேதி 22.

பதறாதீர்கள். திராட்சை, செர்ரி, நறுக்கிய பேரீச்சை எல்லாம் சேர்ந்து ஒரு கப் என்றால் அரை கப் ஆரஞ்சுச் சாறு ஊற்றி, 2 நிமிடம் வைத்து, மூடி அரை மணி நேரம் விடுங்கள். திராட்சை உப்பி, சாறு ஏறக்குறைய முழுதும் இழுத்திருக்கும். மாதக்கணக்கில் ஊறிய பழத்தின் ஆழம் இதில் வராது, ஆனால் கேக் நல்ல கேக்காகவே வரும். பேக் பண்ணுவது மட்டும் கன்வெக்ஷன் முறையில், அதாவது சூடான காற்றில் வேகும் முறையில் இருக்கட்டும், 160 டிகிரி போதும். வெறும் மைக்ரோவேவ் முறையில் வைத்தால் வெளிறிப்போய், மறுநாளே காய்ந்துவிடும். சர்க்கரைப் பாகைக் கருக்குவதையும் அடுப்பிலேயே செய்யுங்கள். கண்ணுக்கு எதிரே நிறம் மாறினால்தான் சரியான நேரத்தில் கையை எடுக்க முடியும்.

ஓய்வுநாள் பள்ளியில் 45 பிள்ளைகள். ஆளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், கையில் பணம் குறைவு.

சாக்லேட் கொத்து செய்யுங்கள் டீச்சர். 400 கிராம் காம்பவுண்ட் சாக்லேட்டும் 3 கப் கார்ன்ஃப்ளேக்ஸும் இருந்தால் 45 முதல் 50 வரை வரும். காம்பவுண்ட் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கிறது. சூட்டைப் பக்குவம் பார்த்து இறக்கும் வேலை இல்லாமலே நன்றாக இறுகும்.

உடைத்த சாக்லேட்டைப் பாதி சக்தியில் 30 விநாடி வையுங்கள். எடுத்துப் பார்த்தால் துண்டுகள் அப்படியே இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி இன்னும் ஒரு நிமிடம் வைத்துத்தான் பலரும் கருக்குகிறார்கள். உருவம் கலையாமலே உள்ளே இளகியிருக்கும், ஸ்பூனால் கிளறினால்தான் தெரியும். கிளறி மறுபடி 30 விநாடி, பிறகு 15 விநாடியாக வையுங்கள். கடைசி இரண்டு மூன்று துண்டுகள் கிளறும் சூட்டிலேயே கரையட்டும். பாத்திரமும் ஸ்பூனும் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் திரிந்து மண் மாதிரி ஆகிவிடும். கார்ன்ஃப்ளேக்ஸைப் புரட்டி, சின்னக் காகிதக் கிண்ணங்களில் ஒவ்வொரு ஸ்பூன் வையுங்கள். நிலக்கடலை, முந்திரி சேர்க்காதீர்கள். 45 பிள்ளைகளில் யாருக்கு ஒவ்வாமை என்று நமக்குத் தெரியாது.

ஆன்ட்டி, கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் வீட்டுக்கு ராத்திரி 11 மணிக்கு வரும். முப்பது பேர்.

காபியை அடுப்பில் போடுங்கள், முப்பது பேருக்கு மைக்ரோவேவ் ஆகாது. கொறிக்க மசாலாக் கடலையை மட்டும் மைக்ரோவேவில் செய்யுங்கள். ஒரு கப் பச்சை நிலக்கடலை, 3 டேபிள்ஸ்பூன் கடலை மாவு, ஒன்று அரிசி மாவு, மிளகாய்த்தூள், உப்பு, பெருங்காயம், ஒரு ஸ்பூன் எண்ணெய், பிசறுகிற அளவுக்குத் தண்ணீர். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, மொத்தம் 5 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் கடகடவென்று ஆகிவிடும். முப்பது பேருக்கு ஐந்து முறை போட வேண்டியிருக்கும், மத்தியானமே முடித்துப் பொட்டலம் கட்டி வையுங்கள். பாடிப் பாடித் தொண்டை காய்ந்த பிள்ளைகள், ஒரு குடம் வெந்நீரும் வையுங்கள்.

அலுவலகத்தில் கிறிஸ்மா சீட்டு எடுத்தோம். பெயர் வந்தவருக்கு 200 ரூபாய்க்குள் பரிசு வாங்க வேண்டும். மறுபடியும் காபி மக்கா?

மக் வேண்டாம், எல்லார் மேசையிலும் மூன்று இருக்கிறது. நான் கொடுக்க விரும்புவது பனை ஓலைப் பெட்டி. திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாட்டில் பெண்கள் முடையும் பெட்டிகள் கண்ணுக்கு அவ்வளவு அழகு. சின்னதாக ஒன்று வாங்கி, வெண்ணெய்த்தாள் விரித்து ஆறு ரவை லாடு அடுக்கிக் கொடுங்கள். லாடு தீர்ந்த பிறகும் பெட்டி மேசையில் இருக்கும்.

இன்னொன்று, பீரோவுக்கு வாசனைப் பை. நாலு கமலா ஆரஞ்சுத் தோலைச் சின்னதாகக் கிள்ளி, துணி மேல் பரப்பி, ஒரு நிமிடம் வைத்துத் திருப்பி, மறுபடி ஒரு நிமிடம் என்று காயும் வரை வையுங்கள். மூன்று நாலு நிமிடம் ஆகும், பக்கத்திலேயே நில்லுங்கள், தோல் சட்டென்று கருகும். நன்றாக ஆறிய பிறகு கிராம்பு, பட்டை சேர்த்து மல் துணியில் கட்டுங்கள்.

மெழுகுவர்த்தி செய்து கொடுக்கலாமா?

செய்யலாம், ஆனால் மெழுகை மைக்ரோவேவில் உருக்காதீர்கள். சாதாரண பாரஃபின் மெழுகு அதில் சரியாகச் சூடாகாது. கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

எதிர் வீட்டு அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். வருஷா வருஷம் அவர்கள் வீட்டுக்குக் கேக் கொடுப்போம். இந்த வருஷம் என்ன செய்வது?

இப்படி யோசித்ததே எனக்கு மனம் நிறைகிறது. விரத காலத்தில் பிறர் வீட்டில் சமைத்ததைச் சாப்பிடாதவர்கள் உண்டு. ஒரு தட்டில் பழம் வைத்துக் கொடுங்கள், வாழைப்பழமும் கமலா ஆரஞ்சும். மாலை கழற்றிய பிறகு ஜனவரியில் ஒரு நாள் லாடு செய்து கொடுங்கள். மற்ற சைவ வீடுகளுக்கும் முட்டையில்லாததாகப் பார்த்துச் செய்யுங்கள். கடை மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அக்டோபரில் பெரியவர் தவறிவிட்டார். அவர்கள் ஸ்டாரும் கட்டவில்லை, பலகாரமும் செய்யவில்லை. போகலாமா?

போங்கள். வண்ணத்தாள் சுற்றிய பரிசு வேண்டாம், சாப்பாடு கொண்டுபோங்கள். 25 காலையில் ஆராதனை முடிந்து வந்து அந்த அம்மா தனியாக அடுப்பு மூட்டும் நேரம்தான் கடினமானது. 24 மாலையே இட்லியும், மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் குழம்பும் கொடுத்து, "காலையில் குழம்பை மூன்று நிமிடம் வையுங்கள், இட்லி மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். கிண்ணத்தை உடனே திருப்பிக் கேட்காதீர்கள். அதை வாங்கப் புது வருஷத்துக்குப் பிறகு இன்னொரு முறை போகலாம்.