ஃப்ரீ ஸ்கூல், காசுக்கு டியூஷன்

கேள்வி: கவர்மென்ட் ஸ்கூல்ல புக்கு ஃப்ரீ, பஸ் பாஸ் ஃப்ரீ, மத்தியானச் சோறும் போடுறாங்க. அப்புறம் எதுக்கு மாசாமாசம் டியூஷனுக்குக் காசு அழுவுறாங்க?
– வாசகர், சாத்தூர்

பதில்: எங்க தெருவுல ஒரு டியூஷன் அக்கா இருக்காங்க, சாயங்காலம் ஆனா அவங்க மாடிப்படிக்குக் கீழ செருப்பா கிடக்கும், பாதி புள்ளைங்களோட அம்மா வேலை முடிஞ்சு வர ஏழு மணி ஆயிடும், ஸ்கூல் விட்டா அதுவரைக்கும் புள்ள எங்க இருக்கும் சொல்லுங்க? அந்தக் காசுல பாதி படிப்புக்கே இல்ல, பத்திரத்துக்கு.

மீதி பாதி பயம். எட்டாவது வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க, ஒன்பதாவதுல கணக்கு உதைக்கும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும். புள்ள இங்கிலீஷ் மீடியம், அம்மா படிச்சது தமிழ் மீடியம், ஹோம்வொர்க்க யார் பாக்குறது? டீச்சர மட்டும் திட்டாதீங்க, ஊர்ப்பக்கத் தொடக்கப் பள்ளிகள்ல ஒரே டீச்சர் ரெண்டு மூணு வகுப்ப சேத்து வச்சு நடத்துறதும் உண்டு.

டாக்டர் கனவு இருந்தா செலவு வேற லெவல். 2017ல இருந்து இங்க மெடிக்கல் சீட்டுக்கு ப்ளஸ் டூ மார்க்க பாக்குறதில்ல, நீட்தான். 2020ல கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்துச்சு, நல்லதுதான், ஆனா அந்த சீட்டுக்கும் நீட் மார்க் வேணுமே, அதுக்கு மறுபடி கோச்சிங் வாசல்லதான் நிக்கணும். எங்க அக்கா வளையல அடகு வச்சது அதுக்குத்தான், இன்னும் மீட்கல.