பேனரில் இருக்கும் ‘டாப்’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டருகே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ‘இந்தியாவின் டாப்’ என்று பேனர் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு நான்கு லட்சமாம். நகையை வைத்தாவது சேர்க்கலாமா, கவுன்சலிங்கில் கிடைப்பதை எடுக்கலாமா? இந்த ‘டாப்’பை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் அந்தப் பேனரைக் கிட்டப் போய்ப் படியுங்கள்.

மின்ட் பக்கம் நான் பார்த்த ஒரு பேனரில் தரவரிசை எண் ஆள் உயரத்துக்கு இருந்தது. எந்தப் பிரிவில் வாங்கிய எண் என்பது கீழே எறும்பு சைஸில்: பார்மசி. அட்மிஷன் போட்டுக்கொண்டிருந்ததோ இன்ஜினீயரிங்குக்கு. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அதுதான் சாமர்த்தியம். எனவே பிரிவு எது, ஆண்டு எது, பட்டியல் யாருடையது என்று பாருங்கள்.

பெரும்பாலும் அது மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலாக இருக்கும். 2016-இல் முதல் பட்டியல் வந்தது. இன்ஜினீயரிங் பிரிவில் 100-க்கு 30 மதிப்பெண் கற்பித்தல், வசதிகளுக்கு, 30 ஆராய்ச்சிக்கு, 20 மாணவர் தேர்ச்சி, வேலை போன்றவற்றுக்கு, 10 பெண்கள், பின்தங்கிய மாணவர்கள் சேர்க்கை போன்றவற்றுக்கு, 10 ‘மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்’ என்பதற்கு. ஆராய்ச்சிக் கட்டுரை நிறைய வந்தால் எண் ஏறும். உங்கள் மகளுக்கு முதலாண்டு கணக்குப் பாடம் யார் எடுக்கிறார் என்பது அதில் தெரியாது.

விவரங்களில் பெரும்பகுதியைக் கல்லூரியே நிரப்பிக் கொடுக்கிறது. இது இங்கே மட்டுமுள்ள சங்கதி அல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணக்குகளை அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் ஒருவர் கிளறினார். 2022-இல் சில விவரங்கள் தவறு என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் ‘யு.எஸ். நியூஸ்’ பட்டியலில் அது 2-ஆம் இடத்திலிருந்து 18-க்கு இறங்கியது.

கியூ.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் உலகப் பட்டியல் என்றால், அதில் 45 சதவீதம் பேராசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்ட அபிப்பிராயம். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பு தரும் ஏ பிளஸ் பிளஸ் என்பது ரேங்க் அல்ல, மொத்த நிறுவனத்துக்கான கிரேடு. எத்தனை பேரும் வாங்கலாம். தேசிய அங்கீகார வாரியம் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம்தான் கோர்ஸ் வாரியாகக் கிடைப்பது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அது இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். ‘நிகர்நிலை’ என்பது சட்டப்படியான அந்தஸ்து, தரச் சான்று அல்ல.

பட்டியலில் எனக்கு உபயோகமாகப் படுவது எண் அல்ல, அதற்காகக் கல்லூரி கொடுத்த தாள். என்.ஐ.ஆர்.எஃப். தளத்தில் கல்லூரி பெயரைத் தட்டினால் கிடைக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், நான்கு ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். மீடியன் என்பது எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3 லட்சம், ஒருவருக்கு 40 லட்சம் என்றால் சராசரி 6.7 லட்சம், பேனரில் அதுவோ அந்த 40-ஓ வரும். மீடியன் 3 லட்சம்தான். வேலை கிடைத்தவர்களைச் சேர்ந்தவர்களோடு ஒப்பிடுங்கள். ‘தகுதியானவர்களில் 95 சதவீதம்’ என்றால் தகுதியைத் தீர்மானித்தது அவர்களே. அந்தத் தாள் எல்லாப் பிரிவையும் கலந்த கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

கவுன்சலிங் கல்லூரிகளில் தன்னாட்சி பெறாதவற்றுக்கு அண்ணா பல்கலைக்கழகமே பரீட்சை வைத்துத் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். நிகர்நிலையில் பரீட்சை வைப்பதும் அவர்கள், திருத்துவதும் அவர்கள், அதை இதோடு ஒப்பிட முடியாது.

மகள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடத்துக்குக் கட்டணத்தை அரசே கட்டும், ஆனால் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம் கடனை அதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். என் கணக்கில், தேர்ச்சி நன்றாக உள்ள கவுன்சலிங் கல்லூரி கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

கடைசி வேலை: கல்லூரி விடும் நேரத்தில் வாசல் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் லேப் ஒழுங்காக நடக்கிறதா, பாதியில் எத்தனை வாத்தியார் மாறினார்கள் என்று கேளுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், அவள் கேட்டால்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.