58 வயது அம்மாவுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

அம்மா கைநாட்டு, கற்றுக்கொடுக்கலாம் என்றால் வீட்டில் எல்லோரும் "இனிமே எதுக்கு" என்கிறார்கள், இந்த வயதில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். அந்த "இனிமே எதுக்கு"தான் என்னை எழுத உட்கார வைத்தது. எங்கள் அப்பத்தாவும் அதையேதான் சொன்னார். அப்போது என் அம்மாவுக்கு 38 வயதுதான்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். 1991இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. அந்த இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியது வெளியூர்வரை பேசப்பட்டது. எனக்கு அறிவொளி என்றால் ராத்திரி வகுப்புதான். மாட்டைக் கட்டி, எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, எட்டரை மணிக்கு மேல் கோயில் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து உட்காருவார்கள். சொல்லிக்கொடுத்தவர் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பக்கத்துத் தெரு அக்கா. சம்பளம் கிடையாது.

அந்த அக்கா அ, ஆ என்று ஆரம்பிக்கவில்லை. ட, ப, ம மூன்றும்தான் முதலில். கோடு இழுக்கத் தெரிந்தாலே பாதி வந்துவிடும். அதை வைத்தே படம், மடம், பட்டம் என்று படிக்கலாம். ஒரு கால் சேர்த்தால் பாடம், மாடம், பட்டா. பட்டா என்ற சொல் வந்த அன்று திண்ணையில் எல்லோரும் நிலத்தைப் பற்றியே பேசினார்கள். அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். 1986இல், சொசைட்டிக் கடனுக்கு என்று சொல்லி அம்மாவை டவுனுக்கு அழைத்துப்போய்க் கைநாட்டு வாங்கினார் மாமா. அது விடுதலைப் பத்திரம். தாத்தா நிலத்தில் அம்மாவின் பங்கு அதோடு போனது. மாமா வீட்டு விசேஷம் என்றால் இன்றைக்கும் முதல் பத்திரிகை எங்களுக்குத்தான். வந்து நின்று பரிமாறுவார், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார். அம்மாவும் கேட்டதில்லை. நான் கேட்டால், "அவனும் பிள்ளைகுட்டிக்காரன்" என்று என்னைத்தான் அடக்குவார். சரி, அது தனிக் கதை.

படிக்காதவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்தவர்களும் பத்திரத்தில் ஏமாறுகிறார்கள். அம்மாவின் மனக்கணக்கு வேகம் எனக்கு இன்றும் வராது.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். இரண்டு வருடத்தில் அம்மாவுக்குப் பாதி எழுத்து மறந்துபோனது. இதைச் சொன்னால், "பார்த்தீர்களா, அறிவொளி கையெழுத்துப் போட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தது" என்று சிலர் வருவார்கள். அப்படியில்லை. வகுப்பு நின்ற பிறகு அம்மா படிக்க வீட்டில் ஒன்றுமே இல்லை. என் பாடப்புத்தகம் அவருக்கு ஒட்டவில்லை, பேப்பரில் எழுத்து பொடி. குற்றம் அம்மாவுடையதும் இல்லை, அந்த அக்காவுடையதும் இல்லை.

1997இல் கல்யாணமாகித் திருப்பூர் போனேன். என் கடிதங்களைத் தம்பிதான் அம்மாவுக்குப் படித்துக்காட்டுவான். ஒருமுறை தம்பி படிக்கக்கூடாத விஷயம் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. இன்லேண்ட் லெட்டரில், இரண்டு வரிக்கு ஒரு வரி இடம் விட்டு, பெரிய எழுத்தில் ஏழே வரி எழுதினேன். இருபது நாள் கழித்து அம்மா கையாலேயே பதில் வந்தது. நான்கு வரி, மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து மாதம் ஒரு கடிதம். அம்மாவுக்கு எழுத்து திரும்பி வந்தது அப்படித்தான்.

2009இல் பதிவு அலுவலகத்தில் அந்த விடுதலைப் பத்திரத்தின் நகலை எடுத்துத்தரச் சொன்னார் அம்மா. பத்திரத் தமிழ் எனக்கே புரியாது. இரண்டு நாள் விரல் வைத்துப் படித்தார். "என் பேருல ஒரு புள்ளி விட்டுட்டாங்கடி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். முதலில் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி வாங்கிக்கொடுங்கள். எழுத்து வரவில்லை என்று நாம் நினைக்கும் பலருக்கு எழுத்து கண்ணுக்கே தெரிவதில்லை. தனியாக உட்கார வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் கிடைப்பார்கள், பெற்ற பிள்ளை முன்னால் தப்புப் போடுவதைவிடத் தோழிகள் முன்னால் போடுவது எளிது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்திலேயே இவரும் சிலேட்டை எடுக்கட்டும். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமானது. உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுப்பாருங்கள்.

பேருந்துப் பலகையைப் படிக்கப் பழக்கலாம் என்றால், இப்போது சிவப்பு எழுத்து ஓடுகிற பலகை வந்துவிட்டது. புதிதாகப் படிப்பவர் இரண்டாவது எழுத்துக்கு வருவதற்குள் ஊர்ப்பெயர் ஓடிவிடுகிறது. இதை வைக்கிறவர்கள் ஒருவராவது ஒரு கிழவியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

அப்புறம், உங்கள் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதை நிறுத்துங்கள். நான் அம்மாவுக்கு இன்றும் தமிழில் தட்டச்சு செய்துதான் அனுப்புகிறேன். காலையில் "சாப்பிட்டாயா" என்று அனுப்பினால் மத்தியானம் பதில் வரும்.