விடியுமுன்னே கூவும் சேவல்: பக்கத்து வீட்டோடு சண்டையில்லாமல் வளர்ப்பது எப்படி?

கேள்வி: திருப்பூர் பக்கம் நாலு சென்ட் இடத்தில் வீடு. பின்னால் காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கூடு கட்டி, எட்டு பெட்டைக்கோழியும் இரண்டு சேவலும் வளர்க்கிறேன். எல்லாம் சிறுவிடை என்கிற சின்ன ரக நாட்டுக்கோழி. முட்டை வீட்டுக்குப் போக மீதியை விற்கிறோம். வருஷத்துக்கு இரண்டு, மூன்று முறை அடை வைப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து படுக்கவே ஒரு மணி ஆகிறது. மூன்றரைக்கெல்லாம் சேவல் கூவ ஆரம்பித்துவிடுகிறது. புகார் கொடுப்பேன் என்கிறார். சேவலைக் கூவாமல் செய்ய வழி உண்டா? கழுத்தில் பட்டை கட்டினால் கூவாது என்கிறார்களே, கட்டலாமா?

பதில்: பட்டை கட்ட வேண்டாம். சேவல் கூவுவது காற்றை ஒரே மூச்சில் வெளியே தள்ளித்தான். அந்தக் காற்றை நெரித்துப் பிடிப்பதுதான் பட்டை செய்கிற வேலை. தளர்வாகக் கட்டினால் பயன் இல்லை. கொஞ்சம் இறுக்கினால் தீனிப்பை நிறைந்திருக்கும் நேரத்தில் இரை இறங்காமல் திணறும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். சித்திரை, வைகாசியில் கழுத்தையும் கட்டிவிட்டால் அது எப்படி இளைக்கும்? தொண்டையில் சின்னதாக ஒரு ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். கோழியின் குரல் உறுப்பு நம்மைப் போல் தொண்டையில் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது.

கூவாமல் செய்ய முடியாது என்பதை ஒத்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் நல்லது. வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. விடியலே இல்லாத அந்த அறையிலும் கிட்டத்தட்ட ஒரு நாள் இடைவெளியில், அதே கணக்கில் கூவ ஆரம்பித்தன. கடிகாரம் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. சாதாரணமாகவே விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்பு தொடங்கிவிடும். முதல் கோழி கூவும் நேரம் என்று நம் பாட்டிமார் சொன்னது அதைத்தான். வண்டி வெளிச்சம் பட்டாலும் இன்னொரு சேவலின் குரல் கேட்டாலும் கூவும். அந்தத் தூண்டுதலும் விடியல் நெருங்க நெருங்கத்தான் கூடுதல். ஆகவே எங்கிருந்து கூவுகிறது, எவ்வளவு சத்தம் சுவரைத் தாண்டுகிறது என்ற இரண்டில்தான் நீங்கள் கை வைக்க முடியும்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குச் சேவல் எதற்கு? முட்டைக்கு என்றால் தேவையே இல்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், எண்ணிக்கையும் குறையாது. சேவல் இல்லாவிட்டால் முட்டை சின்னதாகிவிடும், சத்து இருக்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு. கரு இல்லாத முட்டை சீக்கிரம் கெடாது என்பதால் விற்பதற்கு அதுதான் வசதியும்கூட.

நீங்கள் அடை வைப்பதோ வருஷத்துக்கு இரண்டு, மூன்று முறை. அதற்காக 365 நாளும் சேவலை வைத்துக்கொண்டு, அதுவும் இரண்டை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தோட்டத்தில் இருக்கிற சொந்தக்காரர் யாரிடமாவது உங்கள் சேவலை விட்டு வையுங்கள். அடை வைக்க வேண்டிய சமயத்தில் பத்து நாளைக்கு மட்டும் கொண்டுவந்து பெட்டைகளோடு விடுங்கள். இணைந்த இரண்டு, மூன்று நாளில் கரு உள்ள முட்டை வர ஆரம்பிக்கும். சந்தேகம் இல்லாமல் இருக்க ஐந்தாம் நாளிலிருந்து எடுத்து வையுங்கள். சேவலைத் திருப்பி அனுப்பிய பிறகும் ஒரு வாரம் வரை கரு கூடும், ஏனென்றால் பெட்டையின் உடம்பில் விந்து அத்தனை நாள் உயிரோடு தங்கும். அப்போது இட்டுக்கொண்டிருக்கும் நாலைந்து கோழியிலிருந்து அடைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு முட்டை தாராளமாகச் சேர்ந்துவிடும். எடுத்த முட்டையை மண் சட்டியில் நிழலாக வைத்து ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்துவிட வேண்டும். கோடையில் நாலு நாளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போய்வரும் சேவல் நோயையும் கொண்டுவரும் என்பதால் அங்கேயும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கழிச்சல், சளி இருக்கும் பண்ணைக்கு அனுப்பவே கூடாது. இந்தப் பத்து நாள் கணக்கெல்லாம் தொல்லை என்றால், கரு உள்ள முட்டையை அவரிடமே வாங்கி வந்து உங்கள் அடைக்கோழிக்கு வைத்துவிடுங்கள். அது யார் முட்டை என்று கோழி பார்ப்பதில்லை.

இல்லை, சேவல் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றே போதும். எட்டு பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். கூட்டத்தில் பெரிய சேவல் முதலில் கூவும், அடுத்தடுத்த தரத்தில் இருப்பவை வரிசையாகப் பின்தொடரும் என்பதை அதே நகோயா குழு 2015-ல் கண்டது. இரண்டு இருந்தால் ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு பதில் கூவல் உண்டு. அதிகம் கூவுகிற சேவலைத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதை அனுப்பினால் இதுவரை அடங்கியிருந்தது பெரியவனாகி அதே நேரத்தில் கூவும். நல்ல உடற்கட்டு உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள். சத்தம் போடாத ரகம் என்று சொல்லி விற்பவர்களிடமும் ஏமாற வேண்டாம்.

அடுத்தது இடம். காம்பவுண்டு சுவரை ஒட்டி, அவர் படுக்கிற அறைக்குப் பக்கத்திலேயே கூடு இருப்பதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். சேவலின் கூவல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 100 டெசிபல். தூரம் இரண்டு மடங்காக ஆக 6 டெசிபல் குறையும். கூட்டைத் தள்ளி 16 மீட்டரில் வைத்தாலும் 76 இருக்கும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வது 45. நாலு சென்டில் தூரத்தை மட்டும் நம்பிப் பயனில்லை, நடுவே சுவர் வேண்டும். உங்கள் வீடே நடுவில் வருகிற மாதிரி கூட்டை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். அந்தப் பக்கத்தில் இன்னொருவர் படுக்கையறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரவில் சேவலை மட்டும் பிரித்துத் தனிப் பெட்டியில் அடையுங்கள். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை இருந்தால் பெட்டியை அங்கே வைப்பது மிக நல்லது; செங்கல் சுவர் தடுக்கிற அளவுக்குப் பலகை தடுக்காது. சேவல் கழுத்தை நீட்டித் தலையைத் தூக்கித்தான் முழுக் குரலில் கூவும். அதனால் பெட்டியின் உயரம் சேவல் இயல்பாக நிற்கும்போது தலைக்கு மேல் நாலு விரல் இருந்தால் போதும். நீள அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், திரும்பிப் படுக்க இடம் வேண்டும். கெட்டியான பிளைவுட்டில் அடித்து, வெளிப்பக்கம் கோணிச்சாக்கை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றுங்கள். உள்ளே நுரைப் பஞ்சு ஒட்டாதீர்கள். எச்சத்தின் ஈரம் ஏறும், செள்ளுப் பூச்சி சேரும். காற்று போகிற வழியில்தான் சத்தமும் போகும் என்றாலும் காற்றை அடைக்கக் கூடாது. ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் துளை விட்டு, ஒவ்வொரு துளைக்கும் முன்னால் இரண்டு விரல் இடைவெளியில் ஒரு பலகை அடித்தால் காற்று வளைந்து போகும், சத்தம் நேராகத் தெறிக்காது, வெளிச்சமும் விழாது. தகரத்தில் பெட்டி செய்யவே கூடாது. அடைத்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள்: வாயைத் திறந்து, இறக்கையை விரித்து நின்றால் காற்று போதவில்லை, உடனே திறந்துவிட வேண்டும்.

பொழுது சாய்ந்து அடைகிற நேரத்தில் வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் கொடுத்து உள்ளே விடுங்கள், காலை ஆறரைக்குத் திறங்கள். உள்ளே கூவத்தான் செய்யும்; ஆனால் அடங்கிய குரலாகக் கேட்கும். பகலில் அடைத்து வைப்பது கொடுமை, அதைச் செய்யாதீர்கள்.

புகார் விஷயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டம் அடூர் பக்கம் இதே போல மூன்று மணிக் கூவல் பிரச்சினையாகி, 2025 பிப்ரவரியில் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து, மாடியில் இருந்த கூட்டை 14 நாளுக்குள் இடம் மாற்றச் சொன்னார். அங்கேயும் தீர்வு இடம் மாற்றுவதுதான். அது உத்தரவாக வருமுன் நீங்களே செய்துவிட்டு, அவரிடம் போய்ச் சொல்லுங்கள். போகிற போக்கில் எச்சத்தை அள்ளி உமி போட்டு ஈயையும் நாற்றத்தையும் குறையுங்கள். சேவல் கூவுகிறது என்று ஆரம்பிக்கிற சண்டை பல இடங்களில் நாற்றத்தில்தான் முடிகிறது.

அடை வைத்துப் பொரிக்கிற குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். நாலு மாதத்தில் கொண்டை சிவந்து, உடைந்த குரலில் கூவிப் பழக ஆரம்பிக்கும். ஒன்றுக்கு ஐந்தாக நிற்பதற்குள் விற்றுவிட வேண்டும். மாசியில் அடை வைத்தால் ஆடியில் நாலு மாதச் சேவல் கையில் இருக்கும். கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வீடு தேடி வந்து வாங்குவார்கள், விலையும் நன்றாக நிற்கும்.